காயம் தெரியாத காயங்கள்: வெடிப்பு எமது உடலுக்குள் என்ன செய்கிறது?

"எனக்கு ஒண்டும் படேல்லை."

போரைக் கடந்து வந்த எமது பெண்கள் பலர் சொல்லும் வார்த்தை இது. பக்கத்தில் ஷெல் விழுந்தது. பங்கரோடு சேர்த்துத் தூக்கிப் போட்டது. காது அடைத்துக்கொண்டது. சில நிமிடங்கள் என்ன நடந்தது என்றே நினைவில்லை. ஆனாலும் இரத்தம் வரவில்லை, எலும்பு முறியவில்லை. ஆகவே ஒன்றும் படவில்லை. காயப்பட்ட கணவரையும் பிள்ளைகளையும் வயது போன பெற்றோரையும் பார்ப்பதற்கே பொழுது போதாத அந்த நாட்களில், தன் உடலைப் பற்றி நினைக்க எந்தப் பெண்ணுக்கு நேரம் இருந்தது?

ஆண்டுகள் பல சென்றுவிட்டன. இன்று அதே பெண்ணுக்குக் காதுக்குள் ஓயாத இரைச்சல். அடிக்கடி தலையிடி. வைத்த பொருள் வைத்த இடம் நினைவில் இல்லை. சிறு சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கிறது. வீட்டார் "வயது போகுது" என்கிறார்கள். அயலார் "யோசனை கூடிப்போச்சு" என்கிறார்கள். அவளும் அப்படியே நம்பிவிடுகிறாள்.

வெடிப்பு ஒன்று மனித உடலை எந்தெந்த வழிகளில் தாக்குகிறது என்பதை அறிந்தால், வெளியில் காயம் இல்லாதவர்களுக்கும் உள்ளே காயம் இருக்கக்கூடும் என்பது விளங்கும். அதை வைத்தியரிடம் எப்படிச் சொல்வது என்பதும் விளங்கும். இந்தக் கட்டுரை அதற்காகவே எழுதப்படுகிறது. வாசிக்கும்போது பழைய நினைவுகள் வந்து மனம் கலங்கினால், சற்று வைத்துவிட்டுப் பின்னர் தொடருங்கள். அவசரம் எதுவும் இல்லை.

வெடிப்பு என்றால் என்ன?

வெடிமருந்துக்குள் அளவற்ற சக்தி அடங்கியிருக்கிறது என்றுதான் நாம் எண்ணுகிறோம். ஆனால் ஒரு கிலோ ரி.என்.ரி. வெடிமருந்து வெடிக்கும்போது வெளிவரும் சக்தியை விட, ஒரு கிலோ தேங்காயெண்ணெய் எரியும்போது வெளிவரும் சக்தி எட்டு மடங்குக்கும் அதிகம். ஒரு கிலோ அரிசியில் இருக்கும் சக்திகூட அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அப்படியானால் எண்ணெய்ப் போத்தல் ஏன் வீட்டை இடிப்பதில்லை?

வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. விளக்கில் ஊற்றிய எண்ணெய் இரவு முழுவதும் மெல்ல மெல்ல எரிகிறது. உண்ட சோறு பல மணி நேரம் எம்மை நடமாட வைக்கிறது. வெடிமருந்தோ தன்னிடம் உள்ள முழுச் சக்தியையும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் கொட்டிவிடுகிறது.

விறகு எரிவதற்குக் காற்றில் உள்ள ஒட்சிசன் வேண்டும். அதனால்தான் அடுப்பை ஊதுகிறோம். வெடிமருந்து காற்றுக்காகக் காத்திருப்பதில்லை. வேண்டிய ஒட்சிசனைத் தனக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறது. ரி.என்.ரி.யில் வெடிப்பு செக்கனுக்கு ஏறத்தாழ 6,900 மீற்றர் வேகத்தில் பரவுகிறது. காற்றில் ஒலி செல்லும் வேகம் செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர்தான். கையளவு திண்மப் பொருள் கண் இமைக்கும் முன்னர் பல நூறு லீற்றர் கொதிவாயுவாக மாறி, சுற்றியிருக்கும் காற்றை நெருக்கித் தள்ளுகிறது. அப்படி நெருக்கப்பட்ட காற்றே அமுக்க அலையாக எல்லாத் திசைகளிலும் பாய்கிறது.

அமுக்கம் செய்யும் வேலை

எம்மைச் சுற்றியுள்ள காற்று எப்போதும் எம்மை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. பிறந்ததிலிருந்து பழகிவிட்டதால் அது எமக்குத் தெரிவதில்லை. இந்தச் சாதாரண அளவுக்கு மேல் திடீரென அமுக்கம் கூடும்போதுதான் ஆபத்து.

சாதாரண காற்றமுக்கத்தின் நூற்றில் சில பங்கு கூடினாலே யன்னல் கண்ணாடிகள் நொறுங்கும். மூன்றில் ஒரு பங்களவு கூடினால் செவிப்பறை கிழியத் தொடங்கும். ஒரு மடங்களவு கூடும்போது கிட்டத்தட்ட இருவரில் ஒருவருக்குச் செவிப்பறை கிழிந்துவிடும்; சுவாசப்பையும் பாதிக்கப்படத் தொடங்கலாம். அலை கடந்து சென்ற பின்னர் அந்த இடத்தில் அமுக்கம் சற்றுக் குறைந்து, காற்று திரும்பி இழுக்கும். முதலில் தள்ளியது, பின்னர் இழுத்தது என்று பலர் சொல்வது கற்பனை அன்று. அது உண்மையாகவே நடப்பது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒளி உடனே வந்துவிடும், அமுக்க அலை பிந்தி வரும். 1917 டிசம்பர் 6ஆம் திகதி கனடாவின் ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிவந்த மொன்ட் பிளாங் என்ற கப்பல் வேறொரு கப்பலுடன் மோதித் தீப்பிடித்தது. தீயைப் பார்க்க மக்கள் யன்னல்களின் அருகில் வந்து நின்றார்கள். சுமார் 20 நிமிடங்களின் பின் கப்பல் வெடித்தது. ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள், 9,000 பேரளவில் காயமடைந்தார்கள். யன்னல் கண்ணாடி பாய்ந்ததால் நூற்றுக்கணக்கானோர் கண்களை இழந்தார்கள். 2020 ஆகஸ்ட் 4ஆம் திகதி லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் சுமார் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் இதுவே நடந்தது. தூரத்துப் புகையை யன்னலில் நின்று பார்த்தவர்கள் பலர் கண்ணாடியால் வெட்டுண்டார்கள்.

2013 பெப்ரவரி 15ஆம் திகதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் வானில் விண்கல் ஒன்று வெடித்துச் சிதறியது. கண்ணைப் பறிக்கும் ஒளி முதலில் வந்தது. அமுக்க அலை வருவதற்கு ஓரிரு நிமிடங்கள் ஆயின. அதற்குள் என்னவென்று பார்க்க யன்னலுக்கு ஓடியவர்கள் பலர். அன்று வைத்திய உதவி நாடிய சுமார் 1,500 பேரில் பெரும்பாலானோர் கண்ணாடியால் காயப்பட்டவர்களே. ஆனால் ஒரு பாடசாலையில் ஓர் ஆசிரியை ஒளியைக் கண்டதுமே தன் வகுப்புப் பிள்ளைகள் 44 பேரையும் மேசைகளுக்குக் கீழே போகச் சொன்னார். யன்னல் நொறுங்கி அவருக்கு வெட்டுக்காயம் ஏற்பட்டது. பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. எங்கேனும் பெரிய ஒளியையோ தீயையோ கண்டால் முதலில் யன்னலை விட்டு விலக வேண்டும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

நான்கு வகைத் தாக்கம்

வெடிப்பால் வரும் பாதிப்புகளை வைத்தியர்கள் நான்காகப் பிரிக்கிறார்கள்.

முதலாவது, அமுக்க அலை நேரடியாகச் செய்வது. காது, சுவாசப்பை, குடல் போன்ற காற்று நிறைந்த உறுப்புகளையே இது அதிகம் தாக்கும். வெளித் தோலில் ஓர் அடையாளமும் இராது. அலை வாய் வழியாக உட்புகுந்துதான் சுவாசப்பையைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது நெஞ்சுச் சுவரை அமுக்குவதால்தான் பாதிப்பு வருகிறது என்பதை 1940 இல் பிரித்தானியாவில் சொலி சுக்கர்மன் என்ற விஞ்ஞானி பரிசோதனைகள் மூலம் காட்டினார்.

இரண்டாவது, பறந்து வரும் துண்டுகளால் வருவது. எம்மவர் "பீஸ்" என்று சொல்லும் உலோகத் துண்டுகள், கல், கண்ணாடி, மரச் சிராய் எல்லாம் இதில் அடங்கும். அமுக்க அலை தூரம் செல்லச் செல்ல விரைவாக வலுவிழக்கும். பீஸ் அதைவிட வெகு தூரம் பறக்கும். திறந்த வெளியில் அதிகம் பேரைக் காயப்படுத்துவது இதுதான்.

மூன்றாவது, உடல் தூக்கி எறியப்பட்டுச் சுவரிலோ நிலத்திலோ மோதுவது, அல்லது கட்டடம் மேலே இடிந்து விழுவது. நான்காவது, எரிகாயம், புகை, தூசி, நசுங்குதல், ஏற்கெனவே இருந்த ஆஸ்துமா போன்ற நோய் கடுமையாவது ஆகியவை.

ஒருவருக்கு இந்த நான்கும் ஒன்றாக நேரலாம். வெளியில் தெரியும் காயத்தைக் கட்டி அனுப்பும் அவசரத்தில் தெரியாத காயம் விடுபட்டுப் போகலாம். சண்டை நடந்த நாட்களில் தரையில் பாய் விரித்து வைத்தியம் பார்த்த இடங்களில் அப்படி விடுபட்டவை ஏராளம்.

அவளுக்கு ஏன்? எனக்கு ஏன் இல்லை?

பக்கத்தில் இருந்த பிள்ளை போய்விட்டது, நான் இருக்கிறேன். ஒரே மரத்தடியில் இருந்தோம், அக்காவுக்குப் பட்டது, எனக்குப் படவில்லை. இந்தக் கேள்வியை எத்தனையோ பெண்கள் ஆண்டுக்கணக்காக நெஞ்சில் சுமக்கிறார்கள். "நான் அவளை இந்தப் பக்கம் இருத்தியிருந்தால்" என்று தம்மையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு விஞ்ஞானம் சொல்லும் பதில் ஒன்று உண்டு. வெடிப்பு எல்லோரையும் ஒரே மாதிரித் தாக்குவதில்லை. அமுக்க அலை சுவரில் பட்டால் திரும்பி வரும். அப்படித் திரும்பும் இடத்தில் அமுக்கம் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் கூடும். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் இன்னும் கூடும். ஆகவே சுவரோரம் ஒதுங்கியவர் கடுமையாகப் பாதிக்கப்பட, அவரைவிடச் சற்றுத் தள்ளி நின்றவர் தப்பலாம். பீஸ் எல்லாத் திசையிலும் சமமாகப் பறப்பதும் இல்லை. ஷெல் விழுந்த சாய்வு, வெடித்த உயரம், இடையில் நின்ற ஒரு மரக்குற்றி, குனிந்த ஒரு கணம் எல்லாமே யார் தப்புவது என்பதை மாற்றிவிடும். எந்தத் தாயாலும் அதை அந்த நேரத்தில் கணக்குப் பார்த்திருக்க முடியாது. படித்த பொறியியலாளராலும் முடியாது. அங்கே நடந்தது உங்கள் பிழையால் நடந்ததன்று.

அடைபட்ட இடம் ஏன் அதிக ஆபத்தானது என்பதும் இதிலிருந்து விளங்கும். இஸ்ரேலில் நடந்த குண்டுவெடிப்புகளை ஆராய்ந்து 1996 இல் வெளிவந்த வைத்திய ஆய்வொன்றில், திறந்த வெளியில் வெடித்தபோது பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேரும், பஸ் வண்டிக்குள் வெடித்தபோது நூற்றுக்கு 49 பேரும் இறந்திருந்தார்கள். பஸ்ஸின் தகடுகளுக்கும் கூரைக்கும் இடையில் அலை திரும்பத் திரும்ப மோதியதே இதற்குப் பெரும் காரணம்.

தூரமும் முக்கியம். ஓர் இடத்தில் ஏற்படும் அதே அமுக்கம் இரண்டு மடங்கு தூரத்திலும் ஏற்பட வேண்டுமானால், எட்டு மடங்கு வெடிமருந்து வேண்டும். ஆகவே விலகி வைக்கும் ஒவ்வோர் அடியும் வீண் போவதில்லை.

சீலையில் தைத்த மண்மூட்டை

பங்கர் ஏன் உயிர் காத்தது? நிலமட்டத்துக்குக் கீழே இருந்தவரின் மேலாகப் பீஸ் பறந்து போனது. மண் தன் துகள்கள் ஒன்றோடொன்று உரசி நெரிபடுவதால் அதிர்வின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டது. வாசலை "ட" எழுத்தைப் போல் வளைத்து வெட்டியதால் பீஸ் நேராக உள்ளே வர முடியவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன், 1939 இல், பிரித்தானிய அரசு தன் மக்களுக்குக் கொடுத்த அண்டர்சன் காப்பிடமும் இதே முறையில் அமைந்ததுதான். வளைந்த தகரத்தை ஏறத்தாழ நான்கு அடி ஆழத்தில் புதைத்து, மேலே குறைந்தது 15 அங்குலம் மண் போட வேண்டும் என்பது விதி.

எமது பெண்களுக்கு இந்த விதிகளை யாரும் அச்சடித்துக் கொடுக்கவில்லை. பனங்குற்றி அடுக்கினார்கள், மண் போட்டார்கள். வன்னியில் 2009 இல் சாக்குக் கிடைக்காதபோது கல்யாணச் சீலையையும் கிழித்து மூட்டை தைத்து மண் நிரப்பினார்கள். நேரடியாக விழும் குண்டுக்கு அது தாக்குப்பிடிக்காது. மண் சரிந்து பங்கருக்குள்ளேயே மூடப்பட்டவர்களும் உண்டு. ஆயினும் அந்தச் சீலை மூட்டைகள் எத்தனையோ பிள்ளைகளைக் காத்தன. அவற்றைத் தைத்த கைகள் செய்தது சரியான பொறியியல்.

இன்றும் உடலில் இருப்பவை

காது: கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் தானாகவே ஆறிவிடும். ஆறாவிட்டால் சத்திரசிகிச்சையால் மூடலாம். அதுவரை காதுக்குள் தண்ணீர் போகவிடக் கூடாது. எண்ணெய் காய்ச்சி விடும் வழக்கம் எம்மிடையே உண்டு. கிழிந்த காதுக்கு அது தீங்கு. செவிப்பறை ஆறினாலும் உட்காதின் நுண்ணிய கலங்கள் அழிந்திருந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை. கேள்விக் குறைவும் இரைச்சலும் அதனால்தான் நிலைத்துவிடுகின்றன. கேட்கும் கருவி இதற்கு உதவும். போர்க்காலத்தில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் சிலர் "சொல்வழி கேளாதவன்", "படிப்பு ஏறாதவள்" என்று பெயர் வாங்கியே வளர்ந்தார்கள். அவர்களுக்குக் காது சரியாகக் கேட்டதா என்று யாரும் பார்க்கவில்லை. இப்போதேனும் பார்க்கலாம்.

தலை: முதலாம் உலகப் போரில், 1915 இல், சார்ள்ஸ் மையர்ஸ் என்ற வைத்தியர் குண்டுவெடிப்பின் பின் நடுக்கமும் மறதியும் கொண்ட போர்வீரர்களைப் பற்றி எழுதினார். அது "ஷெல் அதிர்ச்சி" எனப்பட்டது. இது மூளையின் காயமா மனத்தின் காயமா என்ற வாதம் நூறாண்டுகள் நடந்தது. 2016 இல் அமெரிக்காவில், வெடிப்புகளுக்கு உட்பட்டு இறந்துபோன போர்வீரர்கள் எட்டுப் பேரின் மூளைகளை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தபோது, வேறு வகைத் தலைக்காயங்களில் காணப்படாத தழும்புகள் காணப்பட்டன. ஆகவே சிலருக்கு மூளையிலும் மெய்யான காயம் இருக்கலாம். தலையிடி, தலைச்சுற்று, மறதி, நித்திரையின்மை, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, காரணமில்லாக் கோபம் ஆகியவை அதன் அறிகுறிகள். சாதாரண ஸ்கானில் இது தெரியாமல் போகலாம். "ஸ்கானில் ஒன்றும் இல்லை" என்றால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். ஒரு தடவை அடிபட்ட மூளைக்கு இன்னோர் அடி கூடாது. மோட்டார் சைக்கிளில் ஏறும்போது தலைக்கவசத்தின் பட்டியை இறுக்கிப் பூட்டுங்கள். அதன் உட்புற மெத்தை நசுங்கி அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். பட்டி பூட்டாவிட்டால் கவசம் கழன்று போய்விடும்.

உடலில் உள்ள பீஸ்: எல்லாப் பீஸையும் எடுக்க வேண்டியதில்லை. ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால் விட்டுவிடுவதே நல்லது என்று வைத்தியர்கள் தீர்மானிப்பதுண்டு. ஆனால் மூன்று விடயங்களை மறக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்வதற்கு முன் உடலில் பீஸ் இருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் கருவியின் காந்தம் உருக்குத் துண்டை அசைத்துவிடக் கூடும். கண்ணருகே இருந்தால் பார்வையே போய்விடலாம். எக்ஸ்றே எடுப்பதால் அந்த ஆபத்து இல்லை. அடுத்து, ஷெல் துண்டு பெரும்பாலும் உருக்கு. துப்பாக்கிச் சன்னத்தின் உள்ளேயோ ஈயம் இருக்கலாம். அது மூட்டுக்குள் இருந்தால் மெல்லக் கரைந்து இரத்தத்தில் சேரக்கூடும். காரணம் தெரியாத களைப்பு, வயிற்றுவலி, இரத்தச்சோகை இருந்தாலோ, பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருந்தாலோ, உடலில் சன்னம் இருப்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். ஈயத்தை இரத்தப் பரிசோதனையால் கண்டுபிடிக்கலாம். மூன்றாவது, மார்பிலும் இடுப்பிலும் தொடையிலும் பீஸ் உள்ள பெண்கள் சிலர் ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். பெண் வைத்தியரைக் கேட்கலாம். தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். அப்படிக் கேட்பதில் தவறில்லை.

மனம்: யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளப்பாதிப்புகளைப் பற்றித் தமிழில் எழுதிய நூலுக்கு "மனவடு" என்று பெயர் வைத்தார். வடு என்பது பொருத்தமான சொல். வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுவதும், கெட்ட கனவும், ஒன்றிலும் பிடிப்பில்லாமையும் பைத்தியமும் அல்ல, பேய் பிடித்ததும் அல்ல. சிகிச்சையால் அவை குறையும். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல உதவிச் சேவையுடன் பேசலாம்.

மண்ணுக்குள் இருப்பவை

இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது 2017 டிசம்பரில். போர் முடிந்ததிலிருந்து பெருமளவு நிலம் துப்புரவாக்கப்பட்டுள்ளது. கணவனை இழந்த பெண்கள் பலரும் அந்தத் தொழிலில் ஈடுபட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்திருக்கிறார்கள்.

எமது நாட்டில் புதைக்கப்பட்ட சிறிய மிதிவெடி வகையொன்றில் இருக்கும் வெடிமருந்து சுமார் 30 கிராம். இரண்டு மேசைக்கரண்டி சீனியைவிடச் சற்றுக் கூடிய நிறைதான். கால் அதன் மேலேயே படுவதால் பாதம் போய்விடுகிறது. கண்ணிவெடி அகற்றுவோர் அணியும் கவசமோ, 60 சென்ரிமீற்றர் தூரத்தில் 240 கிராம் ரி.என்.ரி. வெடித்தாலும் தாங்க வேண்டும் என்பது சர்வதேச நியமம். எட்டு மடங்கு வெடிமருந்தையும் தாங்க வைப்பது கவசத்தோடு சேர்ந்த அந்தச் சிறு தூரம்தான்.

வெடிமருந்து ஆண்டுகள் சென்றாலும் பெரும்பாலும் கெடுவதில்லை. பிளாஸ்ரிக் உறை உக்குவதும் இல்லை. மழை வெள்ளம் அவற்றை இடம் மாற்றலாம். வளவு கூட்டிக் குப்பைக்குத் தீ வைக்கும்போது மேல்மண்ணில் கிடப்பது சூடேறி வெடிக்கலாம். புதிதாகத் துப்புரவாக்கும் காணியில், கிண்டிப் பார்க்காத இடத்தில் நெருப்பு மூட்ட வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடவோ கல் எறியவோ கூடாது. வந்த வழியே திரும்பி, பிள்ளைகளை விலக்கி, கிராம அலுவலருக்கோ 119 என்ற பொலிஸ் இலக்கத்துக்கோ அறிவியுங்கள்.

குசினிக்குள் வெடிப்பு

2021 இன் இறுதியில் நாட்டின் பல பகுதிகளில் சமையல் காஸ் வெடிப்புகள் நடந்து, அதை விசாரிக்க ஜனாதிபதி குழுவொன்றை நியமித்தது நினைவிருக்கும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் நிலத்தோடு படரும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 9 பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும். மணம் வந்தால் லைற் சுவிச்சைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. நெருப்புக் குச்சியும் தட்டக் கூடாது. ரெகுலேற்றரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, பிள்ளைகளுடன் வெளியே வாருங்கள். மூடிய குசினியில் சுவர்கள் அமுக்கத்தைக் கூட்டும் என்பதை மேலே பார்த்தோம்.

எந்த வெடிப்பிலும் கர்ப்பிணிப் பெண் அகப்பட்டால், காயம் இல்லாவிட்டாலும் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். பனிக்குடத்து நீர் குழந்தையைக் காத்தாலும், நச்சுக்கொடி கருப்பையிலிருந்து விலகிவிடக்கூடும். மற்றவர்களுக்கும் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், வயிற்றுவலி ஆகியவை சில மணி நேரம் கழித்தும் வரலாம். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

வைத்தியரிடம் எப்படிச் சொல்வது?

கிளினிக்கில் நெரிசல் அதிகம், நேரம் குறைவு. ஆகவே வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள்.

* எந்த ஆண்டில், எவ்வளவு தூரத்தில் வெடித்தது? எத்தனை தடவை?
* திறந்த வெளியிலா, பங்கருக்குள்ளா, கட்டடத்துக்குள்ளா?
* நினைவு தப்பியதா? தூக்கி எறியப்பட்டீர்களா?
* காதிலிருந்து இரத்தம் அல்லது நீர் வந்ததா? இப்போது இரைச்சல் உண்டா?
* உடலில் எங்கெங்கே பீஸ் இருக்கிறது? பழைய எக்ஸ்றே இருந்தால் கொண்டு செல்லுங்கள்.
* தலையிடி, மறதி, நித்திரையின்மை எப்போது தொடங்கின?

"தலையிடிக்கு மருந்து தாங்கோ" என்று கேட்பதற்கும், "2009 இல் பக்கத்தில் ஷெல் வெடித்து நினைவு தப்பியது, அதற்குப் பிறகுதான் இந்தத் தலையிடி" என்று சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவதைக் கேட்கும் வைத்தியர் காதையும் தலையையும் சேர்த்துப் பார்ப்பார். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை.

குடும்பத்தில் எல்லோருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் தனக்கென்று ஒரு துண்டு எடுத்து வரிசையில் நிற்பது குறைவு. அடுத்த கிளினிக் நாள் எது என்று இன்றே விசாரியுங்கள். அயலில் இதே நிலையில் இருக்கும் ஒரு சகோதரியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.